ஒரே வாசல் உள்ள பழம்

புனேவிலிருந்து நாசிக் நெடுஞ்சாலையில் சுமார் 75 கிலோமீட்டர் வடக்கே, ஜுன்னர் வட்டத்தில் இருக்கிறது நாராயண்காவ். 1980களில் ஷாம்ராவ் சௌகுலே பிரெஞ்சு நிபுணர்களின் துணையோடு நுரை ஒயின் தயாரித்து, 'ஓமர் கய்யாம்' என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு அனுப்பியது இங்கிருந்துதான். அவருடைய இண்டேஜ் நிறுவனம் இந்திய ஒயின் தொழிலின் முன்னோடியாக வளர்ந்தது. வெளிநாட்டு நிறுவனங்களை வாங்கிக் கடனில் மூழ்கியது. பிறகு மும்பை உயர் நீதிமன்ற ஆணைப்படி கலைக்கப்பட்டது. நிர்வாகம் தவறியது என்று இந்தக் கதையை முடித்துவிடலாம். ஆனால் அந்த வீழ்ச்சியில் ஒயின் திராட்சை பயிரிட்டவர்களும் அடிபட்டு, பலர் கொடிகளையே பிடுங்கி எறிந்தார்களே, அது ஏன்? அந்தக் காரணத்தைப் பார்த்தால், இந்தத் தொழிலுக்குச் சிறு குடும்ப ஆலைகளே பொருத்தம் என்று தோன்றுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை ஒரு வியாபாரி வேண்டாமென்றால் இன்னொருவர் எடுப்பார். கடைசியில் தெருவோரத் தள்ளுவண்டியிலாவது விற்றுவிடும். ஒயினுக்கான ஷிராஸ், கேபர்நே வகைகளுக்கு அந்த வழியில்லை. பழம் சிறியது, தோல் தடித்தது, உள்ளே விதை. சந்தையில் யாரும் சீந்த மாட்டார்கள். குளிர்நாடுகளில் கொடி பனிக்காலத்தில் உறங்கும். தக்காணத்தில் உறக்கம் கிடையாது என்பதால் ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து. முதலாவது காய்க்கும் கிளைகளை வளர்க்க, இரண்டாவது பழத்துக்கு. அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. பழுத்தபின் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், புளிப்பு இறங்கிக்கொண்டே வரும். ஆலைக்காகக் காத்திருக்க முடியாது. ஆண்டு முழுக்கச் செலவழித்துவிட்டு, சில நாட்களுக்குள் ஒரே ஒருவரிடம் விற்றாக வேண்டிய பயிர் இது. அந்த ஒருவர் கைவிரித்தால் தோட்டமே வீண். தோட்டமும் ஆலையும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தால் இந்தப் பயம் பெருமளவு விலகும். நாசிக் மாவட்டம் நிபாட் பக்கம் குந்தேவாடியில் பாட்டீல் குடும்பம் நடத்தும் 'ரெவேலோ' ஆலை தன் தோட்டத்துப் பழத்தையே நம்பியிருக்கிறது. வெயிலுக்குப் பழகிய சிசிலித் தீவின் வகைகளையும் நட்டுப் பார்த்தது. தம் மண்ணைத் தெரிந்தவர்களால்தான் அந்தத் துணிச்சல் முடியும்.

எஃகுத் தொட்டி, குளிரூட்டல், புட்டி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி உரிமம், வரி, விற்கும்வரை முடங்கிக் கிடக்கும் முதல்: சிறு விவசாயியால் இதையெல்லாம் தாங்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. தனியாக முடியாது. ஆனால் மகாராஷ்டிரத்துக்கு விடை புதிதல்ல. வெட்டிய கரும்பும் காத்திராது, அதற்கும் ஆலைதான் முக்கிய வாசல். அதனால்தான் 1950இல் பிரவராநகரில் விவசாயிகளே சர்க்கரை ஆலைக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். கூட்டுறவு ஆலைகள் பின்னாளில் அரசியல்வாதிகள் கையில் சிக்கியது உண்மைதான். ஆகவே எல்லாவற்றையும் பொதுவாக்க வேண்டாம். பிழிதலும் புட்டியடைப்பும் ஆய்வகமும் பொதுவில் இருக்கட்டும், பெயரும் சுவையும் அந்தந்தக் குடும்பத்தினுடையதாகவே இருக்கட்டும்.

மதுவை வளர்க்கும் பேச்சல்லவா இது என்பது அதைவிடக் கனமான ஆட்சேபம். 2022 ஜனவரியில் பெரிய அங்காடிகளில் ஒயின் விற்க மகாராஷ்டிர அமைச்சரவை அனுமதித்தபோது சமூகப் போராளி அண்ணா ஹசாரே எதிர்த்தார். அவர் கவலையை நான் தள்ளமாட்டேன். குடியால் சிதைந்த வீடுகளைத் தமிழ்நாடும் அறியும். விவசாயிக்காக என்று சொல்லித்தான் அரசு அந்த முடிவை எடுத்தது. ஆனால் விற்பனை கூடினால் ஆலைக்கு லாபம் கூடலாம். ஆலையில் பங்கில்லாத விவசாயிக்கு அதே ஒற்றை வாசல்தான். விவசாயி பெயரைச் சொல்லிச் சலுகை தருவதானால், சொந்தப் பழத்தைப் பிழியும் குடும்பத்துக்கும், பழம் தருபவருக்குப் பங்கு கொடுக்கும் ஆலைக்கும் மட்டும் தரலாம். அப்படிச் செய்தால், விவசாயிக்கு உதவக் கூடுதலாக ஒரு புட்டிகூட விற்க வேண்டியதில்லை.