வீட்டிலிருந்து பணியாற்றல்

வீட்டிலிருந்து பணியாற்றல் என்பது, ஊழியர் ஒருவர் அலுவலகத்துக்குச் செல்லாமல் கணினி, இணையம், தொலைபேசி ஆகியவற்றின் துணையுடன் தமது வீட்டில் இருந்தே பணி செய்யும் முறை ஆகும். இது தொலைப்பணியின் ஒரு வகை. மென்பொருள் ஆக்கம், கணக்கியல், மொழிபெயர்ப்பு, வாடிக்கையாளர் சேவை முதலிய பணிகளுக்கு இம்முறை பொருந்தும். கட்டுமானம், செவிலியர் பணி, பேருந்து ஓட்டுதல் போன்ற பணிகளுக்குப் பொருந்தாது.

வரலாறு

அமெரிக்கப் பொறியியலாளர் ஜாக் நில்லஸ் 1973 இல் தொலைப்பணி குறித்த ஆய்வைத் தொடங்கினார். அவ்வாண்டில் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடி, பயணத்தைக் குறைக்கும் இவ்வெண்ணத்தின் மீது கவனத்தைத் திருப்பியது. 1990களில் இணையம் பரவியபின் இம்முறை வளர்ந்தது. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றின் ஊரடங்குகளால் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இம்முறைக்கு மாறினர்.

சிட்ரிப் ஆய்வு

இம்முறையின் நன்மை தீமைகளை அளந்து காட்டிய ஆய்வுகளுள் முதன்மையானது, சீனப் பயண நிறுவனமான சிட்ரிப்பில் 2010 இறுதியில் தொடங்கி ஒன்பது மாதங்கள் நடைபெற்றது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூம் உள்ளிட்டோர் இதனை மேற்கொண்டனர். விருப்பம் தெரிவித்த அழைப்பு மைய ஊழியர்களுள் தகுதி பெற்ற 249 பேர் பிறந்தநாள் இரட்டை எண்ணா, ஒற்றை எண்ணா என்பதைக் கொண்டு இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் வாரத்தில் நான்கு நாட்கள் வீட்டிலும் ஒரு நாள் அலுவலகத்திலும் பணியாற்றினர். மற்றக் குழுவினர் அலுவலகத்திலேயே இருந்தனர்.

நன்மைகள்

- வீட்டில் பணியாற்றியோரின் செயல்திறன் 13% உயர்ந்தது. இதன் பெரும்பகுதி, இடைவேளைகளும் நோய் விடுப்புகளும் குறைந்து பணி நேரம் கூடியதால் கிடைத்தது. எஞ்சியது அமைதியான சூழலால் கிடைத்தது.
- பணியை விட்டு விலகுவோர் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.
- பயண நேரமும் செலவும் ஊழியருக்கு மிச்சமாகின்றன. நிறுவனத்துக்கு அலுவலக வாடகை மிச்சமாகிறது.
- மாற்றுத்திறனாளிகளுக்கும் குழந்தைகளையோ முதியோரையோ பராமரிப்போருக்கும் வேலைவாய்ப்பு கூடுகிறது.

குறைகள்

- சிட்ரிப் ஆய்வில் ஒரே அளவு திறன் காட்டியவர்களை ஒப்பிட்டபோது, வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. மேலாளரின் கண்ணில் படாமை இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.
- தனிமை பெருங்குறையாகத் தெரிவிக்கப்பட்டது. தாமாக விரும்பி வீட்டுப்பணிக்குச் சென்றவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர், ஆய்வு முடிந்ததும் அலுவலகத்துக்கே திரும்பினர்.
- புதிதாகச் சேர்ந்தவர்கள் மூத்தவர்களின் அருகில் இருந்து பார்த்துக் கற்கும் வாய்ப்பை இழக்கின்றனர்.
- பணி நேரத்துக்கும் ஓய்வு நேரத்துக்கும் இடையிலான எல்லை மங்குகிறது. பணி நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பிரான்சு 2017 இல் சட்டமாக நடைமுறைப்படுத்தியது.
- தனி அறையும் தடையற்ற மின்சாரமும் இல்லாத வீடுகளில் இம்முறை கடினமானது. வீட்டு வேலைகள் பெண்கள் மீதே விழும் குடும்பங்களில் அவர்களின் சுமை இரட்டிப்பாகிறது.

கலப்பு முறை

அதே நிறுவனத்தில் 2021-22 இல் 1,612 ஊழியர்களிடம் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வில், ஒரு பிரிவினர் வாரத்தில் இரு நாட்கள் மட்டும் வீட்டில் பணியாற்றினர். அவர்களிடையே பணி விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதவி உயர்வில் பாதிப்பு காணப்படவில்லை. எனவே முதல் ஆய்வில் வெளிப்பட்ட குறைகளை, எத்தனை நாட்கள் வீட்டில் இருப்பது என்பதை வரையறுப்பதன் மூலம் பெருமளவு தவிர்க்க இயலும் எனலாம்.