கர்ப்பிணிக்குத் துணை: ஊரிகத்தில் தொண்டாற்ற வருவோருக்கு

கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அதன்பின் ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் ஆகிய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு லைன்களிலிருந்து பலர் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பகலில் பிரசவ வலி கண்டால் கணவர் பக்கத்தில் இருப்பது அரிது. தாய்மை நலத் தொண்டுக்கு வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருபவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

முதலில் பழகுங்கள்

வந்தவுடன் அறிவுரை சொல்லத் தொடங்காதீர்கள். அந்த லைனில் யார் கர்ப்பம், யாருக்கு முதல் பிரசவம் சிக்கலானது என்பதெல்லாம் ஆஷா சுகாதாரப் பணியாளருக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் அத்துப்படி. சில வாரங்கள் அவர்களோடு வீடு வீடாகப் போங்கள். கர்ப்பிணியோடு மட்டுமல்ல, மாமியாரோடும் உட்கார்ந்து பேசுங்கள். ஆஸ்பத்திரிக்கு எப்போது போவது என்று பல வீடுகளில் முடிவெடுப்பவர் அவர்தான்.

வடஆற்காட்டில் பிறந்த அமெரிக்கரான ஐடா ஸ்கடர், மருத்துவம் படித்து 1900-ல் திரும்பி வந்தார். பெண் மருத்துவர் இல்லாததால் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் இறந்ததுதான் அவரை அந்தப் படிப்புக்கு அனுப்பியது. வேலூரில் மருத்துவமனை எழுப்பியதோடு நிற்காமல், குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நோயாளிகளைத் தேடிப்போய்ப் பார்த்தார். மக்கள் இருக்கும் இடத்துக்குப் போவதுதான் இன்றைக்கும் சரியான தொடக்கம்.

அலமாரியில் கிடக்கும் மாத்திரை

இரும்புச்சத்து மாத்திரை அட்டை பல வீடுகளில் பிரிக்கப்படாமலே கிடக்கும். மலம் கறுப்பாகிறது, மலச்சிக்கல் வருகிறது, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று காரணம் சொல்வார்கள். மலம் கறுப்பது இயல்பு. குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். மாத்திரை போடும் நேரத்தையொட்டி டீ, காபி வேண்டாம். எலுமிச்சை, நெல்லிக்காய் நல்லது. கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் அது ரத்தசோகை. அந்த உடம்பு பிரசவ ரத்தப்போக்கைத் தாங்குவது கடினம்.

கர்நாடக அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் தாயி கார்டு கன்னடத்தில் இருக்கும். கன்னடம் படிக்கத் தெரியாத தமிழ்ப் பெண்ணுக்கு ரத்த அழுத்தம், எடை, அடுத்த பரிசோதனைத் தேதி ஆகியவற்றை வாசித்துக் காட்டுங்கள். மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசச் சிறப்புப் பரிசோதனை உண்டு.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

• எந்த மாதமானாலும் ரத்தப்போக்கு
• விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு
• பனிக்குடம் உடைதல், கடும் காய்ச்சல்
• குழந்தையின் அசைவு குறைதல்

‘கணவர் வரட்டும்’ என்று சாயங்காலம் வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. கூட யார் போவது, மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது, எந்த ஆஸ்பத்திரி என்பதை ஏழாம் மாதத்திலேயே வீட்டாரோடு பேசி முடித்துவிடுங்கள். 108 ஆம்புலன்ஸுக்குக் காசு வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகும்

குழந்தை பிறந்ததும் எல்லோர் கண்ணும் தொட்டில் பக்கம் போய்விடும். ஆனால் ரத்தப்போக்கால் தாய் உயிரிழக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம். நாப்கின் அடிக்கடி நனைகிறதா, தலை சுற்றுகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று தாயைக் கேளுங்கள். ஆறு வாரம் வரை போய்ப் பார்த்து வாருங்கள். மருந்து கொடுப்பதும் பிரசவம் பார்ப்பதும் உங்கள் வேலையல்ல. அந்தத் தாயைத் தாமதமில்லாமல் மருத்துவரிடம் சேர்ப்பதுதான் உங்கள் வேலை.