ஒதுக்கிய ரத்தம், ஏற்றிய ரத்தம்

ஆபரேஷன் என்றதும் பல இடங்களில் "மூன்று யூனிட்டுக்கு ஆள் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். உறவினர் இல்லாத ஊரில் நாம் சங்கத்து அன்பர்களைத்தான் தேடி ஓட வேண்டும். மூன்றும் தேவைதானா? அதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு.

கிராஸ்மேட்ச் பார்த்து நோயாளிகளின் பெயரில் ஒதுக்கிய யூனிட்டுகளை, உண்மையில் ஏற்றிய யூனிட்டுகளால் வகுக்க வேண்டும். விடை 2-க்கு மேல் போனால், தேவைக்கு மிஞ்சிக் கேட்கிறார்கள் என்று பொருள். ரயில் பெட்டிப் பட்டறையில் நான் பார்த்ததுதான்: ஒவ்வொரு ஃபோர்மேனும் 'இருக்கட்டுமே' என்று கூடுதலாக இண்டென்ட் போடுவார், ஸ்டோர்ஸ் காலியாகிவிடும். ஆனால் போல்ட், நட்டு கெட்டுப்போகாது. சிவப்பணுவோ, பையிலுள்ள கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாளில் காலாவதி. ஒருவர் பெயரில் முடங்கியிருக்கும்வரை இன்னொருவருக்கும் கிடைக்காது.

1970-களில் அமெரிக்காவில் இக்கணக்கை அறுவை வாரியாகப் பார்த்தார்கள். சில அறுவைகளுக்கு ரத்தம் ஏற்றுவதே அபூர்வம் என்று தெரிந்தது. அவற்றுக்கு ரத்த வகையையும் எதிர்ப்பொருளையும் முன்கூட்டிச் சோதித்து வைத்தால் போதும். அவசரமென்றால் சில நிமிடங்களில் பொருத்தம் பார்த்துக் கொடுத்துவிடலாம். எந்த அறுவைக்கு எத்தனை யூனிட் என்று 1976-ல் பட்டியலே வெளியிட்டார்கள்.

முடிவு டாக்டருடையது. ஆனாலும், "இந்த அறுவைக்கு இங்கே வழக்கமாக எத்தனை யூனிட் ஏற்றுகிறீர்கள்?" என்று நாம் தாராளமாகக் கேட்கலாம்.