வாடிக்கையாளர் எந்தச் சொல்லில் தேடுகிறார்?

வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால், செல்பேசியில் 'செம்பரம்பாக்கம்' என்று தட்டுபவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஏரியில் இப்போது எத்தனை அடி தண்ணீர்? 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட அந்த ஏரியை, 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை மறக்கவே இல்லை. அதே செம்பரம்பாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவரும் தன் இணையதளத்தில் ஊர்ப் பெயரைப் பெரிதாகப் போட்டிருப்பார். ஆனால் ஏரியின் நீர்மட்டம் பார்க்க வந்தவரால் அவருக்கு ஆர்டர் கிடைக்காது. ஆர்டர் தரக்கூடியவர் தட்டும் சொற்கள் வேறு. அவற்றைக் கண்டறியும் வேலைக்குத்தான் 'கீவேர்டு ரிசர்ச்' என்று பெயர்.

ஏன் இது முக்கியம்?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் தயாரிக்கத் தொடங்கியது 1998-ல். ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. பெரிய ஆலைக்கு உதிரிபாகம் தருவோர், அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்து தருவோர் என அடுக்கடுக்காகச் சிறு பட்டறைகள் செம்பரம்பாக்கத்தையும் சேர்த்து இந்த வட்டாரத்தில் பிழைக்கின்றன. வழக்கமாக வேலை தருபவர் கைவிட்டால், புதியவர் ஒருவர் தேடி வந்தாக வேண்டும்.

பட்டறையின் இணையதளத்தில் 'துல்லியப் பொறியியல் தீர்வுகள்' என்று எழுதியிருக்கும். பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவரோ 'விஎம்சி ஜாப் ஒர்க் ஒரகடம்' என்றோ, 'ஜிக் பிக்ஸ்சர் ஸ்ரீபெரும்புதூர்' என்றோ தட்டுவார். இந்த இரண்டு மொழிக்கும் நடுவில்தான் ஆர்டர் தொலைந்துபோகிறது.

ஏஐ என்ன செய்யும்?

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற ஏஐ உதவியாளர்கள் ஒரு சொல்லைப் பலவாக விரிப்பதில் கெட்டிக்காரர்கள். 'என்னிடம் இரண்டு விஎம்சி, ஒரு சிஎன்சி லேத் இருக்கின்றன. அலுமினியமும் எஸ்எஸ்ஸும் செய்வேன். நூறு பீஸுக்குக் குறைவான ஆர்டரும் எடுப்பேன். என்னைப் போன்றவரை வாங்குபவர் எந்தச் சொற்களில் தேடுவார்?' என்று தமிழிலேயே கேட்கலாம். ஒரு நிமிடத்தில் நாற்பது ஐம்பது தொடர்கள் வந்துவிடும். விலை கேட்பவர், அவசர வேலைக்கு ஆள் தேடுபவர், தொழில்நுட்பம் புரிந்துகொள்ள வந்தவர் என்று அவற்றை வகை பிரித்தும் தரும். செம்பரம்பாக்கம் என்ற பெயரை ஆங்கிலத்தில் 'சி'யில் தொடங்குவோரும் உண்டு, 'எஸ்'ஸில் தொடங்குவோரும் உண்டு என்பதுபோன்ற எழுத்து வேறுபாடுகளையும் நினைவூட்டும்.

எங்கே ஏமாற்றும்?

'இந்தச் சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள்?' என்று மட்டும் ஏஐ-யிடம் கேட்டு நம்பிவிடக் கூடாது. மொழி மாதிரி என்பது அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கும் கருவி. கூகுளின் தேடல் பதிவேடு அதன் கையில் இல்லை. இருந்தும், வற்புறுத்திக் கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லிவிடும்.

எண்ணிக்கைக்கு வேறு கருவிகள் இருக்கின்றன. கூகுளின் கீவேர்டு பிளானர், விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவருக்கும் '10 முதல் 100 வரை' என்பதுபோல் தோராய அளவைக் காட்டும். சர்ச் கன்சோல், எந்தெந்தத் தேடலில் உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதைக் கடந்த 16 மாதங்களுக்குத் தரும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

எண் சிறிதாக இருந்தால் சோர்ந்துவிட வேண்டாம். மாதம் பத்துப் பேர் தேடும் சொல்லில் ஒருவர் ஆர்டர் கொடுத்தால்கூடப் பட்டறைக்கு அது ஓர் ஆண்டு வேலையாக அமையலாம். அன்றாடத் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்குமுன் யாரும் தேடாதவை என்கிறது கூகுள். அவை எந்தப் பட்டியலிலும் இருக்காது.

செய்யக் கூடாதவை

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நூறு பக்கங்களை ஏஐ-யைக் கொண்டு எழுதிக் குவிக்காதீர்கள். தரவரிசைக்காக மொத்தமாக உருவாக்கப்படும் பக்கங்களை ஸ்பேம் என்று கருதும் விதியை 2024 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. இல்லாத ஐஎஸ்ஓ சான்றிதழை ஏஐ தானாக எழுதியிருந்தால் நீக்கிவிடுங்கள். ஆடிட்டுக்கு வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார். வாடிக்கையாளர் நம்பித் தந்த டிராயிங்கை ஏஐ-யிடம் ஏற்றாதீர்கள். அது உங்கள் சொத்தல்ல.

கூகுள் மேப்பில் பட்டறை தெரிவது தனி வேலை. தேடலோடு பொருத்தம், தூரம், பெயர் பரவியிருக்கும் அளவு ஆகிய மூன்றையும் கூகுள் பார்க்கிறது. சரியான முகவரி, சரியான தொழில் வகை, எந்திரங்களின் உண்மையான படங்கள் ஆகியவற்றை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது?

பட்டறை போனின் பக்கத்தில் ஒரு நோட்டை வையுங்கள். கூப்பிடுபவர் என்ன வேண்டும் என்று கேட்கிறாரோ, அதை அவர் சொன்ன சொல்லிலேயே ஒரு மாதம் எழுதி வாருங்கள். 'ஷாஃப்ட் டர்னிங் பண்ணுவீங்களா?', 'நாளைக்கே பத்து பீஸ் கிடைக்குமா?' என்று அதில் சேரும் வரிகள் எந்தக் கருவியிலும் கிடைக்காதவை. அந்த நோட்டை ஏஐ-யிடம் கொடுத்து விரிக்கச் சொல்லுங்கள். விரிந்ததில் உங்களால் செய்துதர முடிந்ததை மட்டும் இணையதளத்தில் வையுங்கள். 'துல்லியப் பொறியியல் தீர்வுகள்' இருந்த இடத்தில், 'பத்து பீஸானாலும் ஷாஃப்ட் டர்னிங் செய்து தருகிறோம், செம்பரம்பாக்கம்' என்று இருக்கட்டும்.