சிறுத்தையை முதலில் பார்ப்பது யார்?

மாணவர்களே, ஆப்பிரிக்காவுக்குச் சஃபாரி செல்பவர்கள் ‘ஐந்து பெரிய விலங்குகள்’ என்று ஒரு பட்டியலைச் சொல்வார்கள். யானை, சிங்கம், எருமை, காண்டாமிருகம், சிறுத்தை ஆகியவையே அந்த ஐந்து. இவற்றுள் சிறுத்தையைக் காண்பதுதான் மிகக் கடினம். அது தனியாக வாழும். பெரும்பாலும் இரவில் நடமாடும். புல்லுக்குள் படுத்துவிட்டால் சில மீட்டர் தூரத்தில் இருந்தாலும் நம் கண்ணில் படாது.

ஒரு சிறு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். சிறுத்தை வேறு, சிவிங்கிப்புலி வேறு. வேகத்துக்குப் பெயர் பெற்ற சிவிங்கிப்புலியின் உடலில் தனித்தனிக் கரும்புள்ளிகள் இருக்கும். கண்ணிலிருந்து வாய் வரை ஒரு கறுப்புக் கோடு இறங்கும். சிறுத்தையின் முதுகிலும் விலாவிலும் புள்ளிகள் பூவிதழ்கள்போல் வட்டமாகச் சேர்ந்திருக்கும். முகத்தில் அந்தக் கோடு இருக்காது.

இப்படி ஒளிந்து வாழும் விலங்கைச் சஃபாரி வழிகாட்டிகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதிர்ஷ்டத்தால் மட்டும் அல்ல. நீங்கள் ஆரம்பப் பள்ளியில் படித்த இரண்டு திறன்கள்தாம் அவர்களுக்குத் துணை: உற்றறிதல், ஊகித்தல்.

மண்ணில் ஒரு செய்தி

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கில் குரூகர் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் மேற்கு எல்லையை ஒட்டியுள்ள தனியார் வனவிலங்குக் காப்பகம் சாபி சாண்ட். இரண்டுக்கும் இடையே இருந்த வேலி 1993இல் அகற்றப்பட்டதால் விலங்குகள் அங்கும் இங்கும் தடையின்றிச் செல்கின்றன. உலகில் காட்டுச் சிறுத்தைகளை அருகிலிருந்து பார்ப்பதற்குப் புகழ்பெற்ற இடங்களில் இதுவும் ஒன்று.

இங்கே அதிகாலையிலும் மாலையிலும் திறந்த வாகனங்கள் புறப்படும். வழிகாட்டி வண்டியை ஓட்டுவார். தடம் பார்ப்பவர் வண்டியின் முன்முனையில் உள்ள சிறிய இருக்கையில் அமர்ந்து, மண்பாதையைக் கவனித்துக்கொண்டே வருவார்.

ஒரு காலடித் தடம் தெரிகிறது. நகக்குறி இல்லை. கழுதைப்புலியின் தடத்தில் நகக்குறி பதியும். சிறுத்தையோ நடக்கும்போது நகங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்து, தடத்தின் வயதைக் கணிக்க வேண்டும். நேற்று மாலை சென்ற வண்டியின் சக்கரத் தடத்துக்கு மேல் காலடி பதிந்திருந்தால், சிறுத்தை அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது. இரவில் ஊர்ந்த பூச்சிகளின் கோடுகள் அந்தக் காலடிக்கு மேல் ஓடினால், அது விடியலுக்கு முன்பே கடந்து போய்விட்டது. எது மேலே, எது கீழே என்று பார்த்தே நேரத்தைக் கணக்கிடுகிறார்கள்!

காட்டின் காவலர்கள்

தடம் புதர்க்காட்டுக்குள் மறைந்துவிட்டால்? வண்டியின் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார்கள். சிறுத்தையை நம்மைவிட முன்னதாகப் பார்த்துவிடும் கண்கள் காட்டில் ஏராளம்.

இம்பாலா மான்கள் ஆபத்தைக் கண்டால் மூக்கால் பலமாகச் சீறும். கூட்டமாக ஒரே திசையை உற்றுப் பார்த்து நிற்கும். குரங்குகள் இன்னும் ஒரு படி மேல். கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவில் வெர்வெட் குரங்குகளை ஆராய்ந்த ராபர்ட் சேஃபார்த், டோரத்தி செனி, பீட்டர் மார்லர் ஆகியோர், அவற்றின் எச்சரிக்கை ஒலிகளைப் பதிவு செய்து, எதிரி எதுவும் இல்லாத நேரத்தில் ஒலிக்கச் செய்தார்கள். சிறுத்தைக்கான ஒலியைக் கேட்டதும் குரங்குகள் மரத்தில் ஏறின. கழுகுக்கான ஒலிக்கு மேலே பார்த்தன. பாம்புக்கான ஒலிக்குத் தரையைப் பார்த்தன. 1980இல் வெளிவந்த இந்த ஆய்வு, ஒவ்வோர் ஒலியும் வெவ்வேறு ஆபத்தைக் குறிக்கிறது என்பதைக் காட்டியது.

சிறுத்தை பதுங்கித் தாக்கும் விலங்கு. மறைவுதான் அதன் ஆயுதம். “உன்னைப் பார்த்துவிட்டோம்” என்று காடே கத்தும்போது, அது பெரும்பாலும் வேட்டையைக் கைவிட்டு நகர்ந்துவிடும்.

மரத்தின் மேல் ஏன்?

சிறுத்தை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, கிளையில் தொங்கும் இரைதான். ஏறக்குறைய தன் எடைக்கு நிகரான மானைக்கூட வாயில் கவ்விக்கொண்டு, செங்குத்தான மரத்தில் ஏற அதனால் முடியும். இது உற்றறிதல். ஏன் ஏறுகிறது என்பதற்கு ஊகம் வேண்டும்.

சாபி சாண்டில் கழுதைப்புலிகளும் சிங்கங்களும் சிறுத்தையின் இரையைப் பறித்துக்கொள்கின்றன. கழுதைப்புலியால் மரம் ஏற முடியாது. ஆகவே, திருட்டைத் தவிர்க்கவே சிறுத்தை இரையை மேலே கொண்டுபோகிறது என்று ஊகிக்கலாம். இந்த ஊகம் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

இலங்கையைப் பாருங்கள். அங்கும் சிறுத்தைகள் வாழ்கின்றன. யால தேசியப் பூங்கா அவற்றுக்குப் பெயர் பெற்றது. ஆனால், அந்தத் தீவில் சிங்கம், புலி, கழுதைப்புலி எதுவும் இல்லை. அங்குள்ள சிறுத்தைகள் இரையை மரத்தில் ஏற்றுவது அரிது. பெரும்பாலும் தரையிலேயே உண்கின்றன. விலங்கு ஒன்றுதான், போட்டி என்ற மாறி மாறும்போது நடத்தையும் மாறுகிறது. ஆய்வுக்கூடச் சோதனையைப்போல் இதில் மற்ற மாறிகள் அனைத்தையும் நாம் கட்டுப்படுத்தவில்லை. எனினும் நமது ஊகத்துக்கு இது நல்ல வலு சேர்க்கிறது.

பார்ப்பவரும் ஒரு மாறி

இப்போது ஒரு முக்கியமான கேள்வி. வண்டி நிறைய மனிதர்கள் அருகில் வந்து நின்றும் சிறுத்தை ஏன் ஓடவில்லை?

சாபி சாண்டின் சிறுத்தைகள் பல தலைமுறைகளாக வாகனங்களைப் பார்த்து வளர்ந்தவை. வாகனம் துரத்துவதில்லை, தாக்குவதில்லை, உணவும் தருவதில்லை. அதனால் அதைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகிவிட்டன. ஆனால், வண்டியில் இருக்கும் ஒருவர் திடீரென்று எழுந்து நின்றால், பழகிய உருவம் மாறிவிடும். சிறுத்தை ஓடலாம், சீறவும் செய்யலாம். ஆகவேதான் அங்கு “எழுந்து நிற்காதீர்கள்” என்பது முதல் விதி.

இரவில் இன்னொரு விதி உண்டு. சிறுத்தை வேட்டையாடும்போது மான்கள்மீது விளக்கொளியைப் பாய்ச்சக்கூடாது. கண் கூசி நிற்கும் மான் எளிதில் இரையாகிவிடும். வண்டிச் சத்தமோ, வேட்டையைக் கெடுத்துச் சிறுத்தையைப் பட்டினி போடலாம். பொறுப்புள்ள வழிகாட்டிகள் விளக்கை அணைத்து, தூரத்தில் நின்று காத்திருப்பார்கள். ஒரு சிறுத்தையைச் சுற்றி நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்துவார்கள். கூர்ந்து பார்ப்பது மட்டும் போதாது. நாம் பார்ப்பதே அந்த விலங்கின் நடத்தையை மாற்றிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப் பொறுமையாகப் பார்த்ததால்தான், அங்குள்ள சிறுத்தைகளை ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிகிறது. மேல்வரிசை மீசைமுடிக்கு மேலே, கன்னத்தின் இரு பக்கமும் உள்ள புள்ளிகளை எண்ணுவார்கள். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்றால் அது ‘3:2’. நம் கைரேகையைப்போல இந்தப் புள்ளிகள் வாழ்நாள் முழுவதும் மாறுவதில்லை.

நம் காட்டில்?

தீபகற்ப மலேசியாவிலும் சிறுத்தைகள் உண்டு. அவற்றில் ஏறத்தாழ எல்லாமே கருஞ்சிறுத்தைகள். மலாய் மொழியில் ‘ஹரிமாவ் கும்பாங்’. கறுப்பு உடலில் புள்ளிகள் தெரியாததால் அவற்றை எண்ணுவது சிரமமாக இருந்தது. திரங்கானுவில் ஆய்வாளர்கள், தானியங்கிக் கேமராக்கள் இரவும் பகலும் அகச்சிவப்பு ஒளியிலேயே படம் எடுக்குமாறு மாற்றியமைத்தார்கள். மறைந்திருந்த புள்ளிகள் படத்தில் தெரிந்தன! 2015இல் அந்த ஆய்வு வெளியானது. எத்தனை சிறுத்தைகள் இருக்கின்றன என்று தெரிந்தால்தான் அவை குறைகின்றனவா என்பதும் தெரியும்.

இந்த வாரம் நீங்களும் முயன்று பாருங்கள். வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு பூனையைப் பத்து நிமிடம் தூரத்தில் இருந்தே கவனியுங்கள். நோட்டில் இரண்டு கட்டம் போடுங்கள். “காதுகள் பின்னால் மடிந்தன, வால் நுனி ஆடியது” என்பதை முதல் கட்டத்தில் எழுதுங்கள். “பூனைக்குக் கோபம்” என்பது இரண்டாவது கட்டத்துக்கு உரியது. அது உங்களைத் திரும்பிப் பார்த்த நேரத்தையும் குறித்து வையுங்கள். அதற்கு முன்பும் பின்பும் அதன் நடத்தையில் என்ன வேறுபாடு என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.