நிபுணர்களுக்கே தெரியாத விடை!

குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடை ஒன்றுதான். அது ஆசிரியரிடம் பத்திரமாக இருக்கும். முன்கூட்டியே விடை எழுதி வைக்காத போட்டி ஒன்று உண்டென்றால் நம்புவீர்களா?

1929-ல் ஈலி கல்பர்ட்ஸன் அமெரிக்காவில் ஆரம்பித்த 'பிரிட்ஜ் வேர்ல்ட்' என்ற சீட்டாட்டப் பத்திரிகையில் வந்த போட்டி அது. உங்கள் கைச் சீட்டு 13-ஐயும், அதுவரை நடந்த ஏலத்தையும் சொல்வார்கள். 'இப்போது என்ன கேட்பீர்கள்?' - இதுதான் கேள்வி.

ஒரு கையைப் பாருங்களேன். இஸ்பேட்டில் ஆஸ், ராணி, 10, 8, 7. ஆட்டினில் 4 மட்டும். டைமனில் ராஜா, ஜாக்கி, 6, 3. கிளாவரில் ராஜா, 5, 2. வலப்புறத்து எதிராளி எடுத்த எடுப்பிலேயே 'மூன்று ஆட்டின்', அதாவது 9 பிடி எடுப்பேன் என்கிறார். நீங்கள் 'மூன்று இஸ்பேட்' கேட்பீர்களா? 'டபிள்' சொல்லிக் கூட்டாளியைப் பேச வைப்பீர்களா? 'பாஸ்' என்று சும்மா இருப்பீர்களா?

இத்தகைய கேள்விகளை நிபுணர் குழுவிடமும் கொடுப்பார்கள். அவர்களுக்குள்ளும் ஒற்றுமை இராது! பெரும்பாலும், அதிகம் பேர் சொன்ன ஏலத்துக்கு 100 மார்க், மற்றவற்றுக்குக் குறைவு.

மேஜையில் ஜெயிக்கக்கூடிய ஏலத்துக்கும் இங்கே மார்க் குறையலாம். அநியாயம் என்கிறீர்களா? ஒரு தடவை பலித்துவிட்டால் அது சரியான முடிவாகிவிடுமா? ஒருவர் கைக்கு 13 சீட்டு வந்து சேரும் விதங்கள் 63,501 கோடிக்கும் மேல்! அந்தப் போட்டி எடை போட்டது அதிர்ஷ்டத்தை அல்ல. காணாத சீட்டை ஊகிக்கும் புத்தியை.

என் ஓட்டு 'மூன்று இஸ்பேட்'டுக்கு. உங்கள் ஓட்டு?