செம்பும் ஈயமும்: திருவிழாப் பாத்திரங்கள் உணர்த்தும் உண்மை

பகாவ் வட்டாரத்துத் தோட்ட ஆலயங்களில் திருவிழா நெருங்கிவிட்டால், முதலில் பொலிவு பெறுபவை பாத்திரங்களே. பித்தளைக் குடங்களும், தீர்த்தச் செம்புகளும், அண்டாக்களும் புளியிட்டுத் துலக்கப்பட்டு அன்னையின் சந்நிதிக்கு வந்து சேர்கின்றன. ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பல செம்பனைக் காடுகளாயின; தோட்டத்து மக்களில் பலர் நகரங்களில் குடியேறினர். ஆயினும், பாட்டன் காலத்துக் குடத்தைத் தலையில் சுமந்து பாற்குடம் எடுக்கும் மரபு இன்றும் தொடர்கிறது.

எப்பொருளை எவ்வுலோகத்தில் வைப்பது என்பதில் நம் முன்னோர் கண்டிப்பாக இருந்தனர். தீர்த்தத்துக்குச் செம்பு, ரசத்துக்கு ஈயச் சொம்பு, புளிப்புச் சேர்ந்த பிரசாதங்களுக்கு உட்புறம் ஈயம் பூசிய பித்தளை என்று வகுத்து வைத்தனர். இக்கட்டுப்பாட்டின் காரணத்தை உலோகங்களைப் பற்றிய இக்கால ஆராய்ச்சிகள் தெளிவுபடுத்துகின்றன.

முதலில் தீர்த்தத்தைக் காண்போம். பெங்களூரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாந்திபேதிக் கிருமி உள்ளிட்ட நோய்க்கிருமிகள் கலந்த நீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்துச் சோதித்தனர். உயிருள்ள கிருமி ஒன்றும் அந்நீரில் எஞ்சவில்லை. நீரில் கரைந்த செம்போ, உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த வரம்பான லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பதில் பத்தில் ஒரு பங்கினும் குறைவாகவே இருந்தது.

நீருக்கு நன்மை செய்யும் அதே செம்பு, பாலுக்கும் புளிப்புக்கும் ஆகாது. இந்தியாவில் முன்பு பச்சிளங் குழந்தைகளைப் பலி கொண்ட ஈரல் நோய் ஒன்று உண்டு. ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலை மிக இளம் வயதிலேயே புகட்டியது அதற்குக் காரணமாகலாம் என்று, புனே நகரில் ஆராய்ந்த மருத்துவர் டேனர் குழுவினர் 1983-இல் எடுத்துரைத்தனர். பாலில் சேர்ந்த செம்பு குழந்தையின் ஈரலில் தங்கியிருந்தது. இப்பாத்திரங்களின் புழக்கம் குறைந்தபின் அந்நோயும் அரிதாயிற்று.

செம்பின் இவ்விரு குணத்தைத் தோட்டத்து மூத்தோர் எளிதில் உணர்வர். சிறிதளவு செம்பு கலந்தாலும் ரப்பர் பிசுபிசுத்து வலுவிழந்துவிடும். அதனால் ரப்பர் ஆலைகளில் செம்பையும் பித்தளையையும் மரப்பாலின் அருகே அண்டவிடுவதில்லை.

பாத்திரங்களுக்குப் பூசப்படும் வெள்ளீயமோ இம்மண்ணின் செல்வம். நம் நெகிரி செம்பிலானில் சுங்கை ஊஜோங் பகுதியின் ஈயச் சுரங்கங்களே சிரம்பான் நகரம் வளரக் காரணமாயின. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்தே சென்றது.

இங்கேதான் நாம் விழிப்புடன் இருக்க வேண்டும். ஈயம் என்னும் ஒரு சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். வெள்ளீயம் பாத்திரத்துக்குக் காப்பு; காரீயமோ நஞ்சு. காரீயத்தில் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்று. உட்கொள்ளும் காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு மிகுதியாக ஏற்கிறது. அது மூளை வளர்ச்சியைத் தாக்கி, கற்கும் திறனைக் குறைத்துவிடுகிறது.

இந்நஞ்சு மங்கலப் பொருள்களிலும் புகுந்துவிட்டது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்நாட்டிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 சிந்தூர மாதிரிகளைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 80 விழுக்காட்டு மாதிரிகளில் காரீயம் காணப்பட்டது. மஞ்சளைச் சுண்ணாம்புடன் சேர்த்தால் சிவக்கும் என்பதை ஆரத்தித் தட்டிலேயே காண்கிறோம். மஞ்சளால் சிவக்க வேண்டிய குங்குமத்துக்கு மலிவான சாயம் பளபளப்பூட்டும்போதுதான் கேடு விளைகிறது. நெற்றியிலிடும் பொடி குழந்தையின் விரலில் ஒட்டி வாய்க்குள் செல்ல வெகுநேரம் ஆகாது.

முயன்றால் இதனைத் தடுக்க முடியும். வங்காளதேசத்தில் மஞ்சளுக்கு நிறமேற்றக் காரீயச் சாயம் கலக்கப்படுவதை 2019-இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அரசு சந்தைகளைச் சோதித்துத் தண்டனை விதித்தது. மக்களுக்கும் எச்சரிக்கை விடுத்தது. அவ்வாண்டு 47 விழுக்காட்டு மாதிரிகளில் காணப்பட்ட காரீயம், 2021-இல் ஒன்றில்கூடக் காணப்படவில்லை.

ஆலய நிர்வாகத்தினரும் உபயகாரர்களும் செய்ய வேண்டியவை சிலவே. குங்குமம் வாங்குமுன் காரீயம் இல்லை என்பதற்கான பரிசோதனைச் சான்றினைக் கேட்க வேண்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோரிடம் அது காரீயம் கலவாத வெள்ளீயமே என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பாலையும், தயிரையும், பஞ்சாமிர்தத்தையும் பூச்சற்ற செம்பிலோ பித்தளையிலோ நெடுநேரம் வைத்திருந்து வழங்கலாகாது. காரீயத்தைக் கண்ணால் அறிய இயலாது. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது.

அன்னையின் சந்நிதியில் குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்கும் தாய், அர்ச்சகர் தரும் குங்குமத்தை ஐயமின்றி அதன் நெற்றியில் இடுகிறாள். அவளுடைய நம்பிக்கையைக் காப்பதும் ஆலயத் திருப்பணியே ஆகும். அன்னையின் அருளால் நம் பிள்ளைகள் நலமும் கல்வியும் பெற்று வாழ்வார்களாக!